‘மலைன்’ என்ற ஆங்கிலச் சொல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொழிபெயர்ப்பு பழக வருகிறவர்களின் தாள்களைத் திருத்தும்போது, என் பழைய தாள்களில் இருந்த அதே பிழைகளைத்தான் பார்க்கிறேன். அவற்றில் ஓயாமல் வருவது ‘மலைன்’ (malign). வினையாக வந்தால் ஒருவர்மீது அவதூறு பேசுவது. பெயரடையாக வந்தால் ‘தீங்கு விளைவிக்கும்’, ‘கேடு நினைக்கும்’ என்று பொருள். எழுத்துப்பிழைகள் தாமாகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

விமர்சனத்துக்குப் பதிலாக இதைப் போடாதீர்கள்

இந்தத் தவறைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. ‘மலைன்’ என்று எழுதினாலே, சொல்லப்பட்டது பொய், அல்லது நியாயமற்றது என்று எழுதுகிறவரே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். ‘கிரிட்டிசைஸ்’ (விமர்சி, குறைகூறு) அப்படி எந்தப் பக்கமும் சாயாது.

விசாரணை அறிக்கை ஒன்று. ‘குழு நிர்வாகத்தைக் கடுமையாகக் குறைகூறியது’ என்று மூலத்தில் இருந்தது. மொழிபெயர்த்த இளைஞருக்கு ‘கிரிட்டிசைஸ்’ சப்பென்று தோன்றியிருக்கிறது. அகராதியில் ‘தூற்று, பழி, குறைகூறு’ என்று வரிசையாக இருந்ததைப் பார்த்து ‘மலைன்ட்’ என்று போட்டுவிட்டார். ஆங்கிலத்தில் அந்த வாக்கியம், குழு நிர்வாகத்தின்மீது அபாண்டம் சுமத்தியது என்றாகிவிட்டது. நிர்வாகத் தரப்பு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டது: “உங்கள் ஆவணமே ஒப்புக்கொள்கிறதே!” உண்மையைச் சொன்ன குழு, விளக்கக் கடிதம் எழுதி மாளவில்லை. பிழை ஒருவருடையது, அவமானம் இன்னொருவருக்கு. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ‘அநியாயமாக’ என்று சேர்த்துப் படித்துப் பாருங்கள். பொருள் கெடவில்லையென்றால் ‘மலைன்’ போடலாம். உறுத்தினால் வேண்டாம்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போதும் இதே வழுக்கல்தான். பிணந்தின்னிக் கழுகை ‘மச் மலைன்ட்’ பறவை என்று ஒருவர் எழுதினால், அவர் அதற்காகப் பரிந்து பேசுகிறார். செத்த விலங்குகளைத் தின்று சுத்தம் செய்யும் பறவைக்கு வீண் கெட்டபெயர் என்கிறார். அதைப் ‘பெரிதும் விமர்சிக்கப்பட்ட’ என்று தமிழாக்கினால் அந்தப் பரிவு காணாமல் போகிறது. ‘வீண்பழி சுமக்கும்’ என்பது பொருந்தும். ‘புறங்கூறு’ என்பதும் சரியாகாது. புறங்கூறுகிறவர் உண்மையையும் சொல்லக்கூடும்.

‘மலிக்ன்’ என்று படிக்காதீர்கள்

‘சைன்’ (sign) என்ற சொல்லில் ஒலிக்காத ‘ஜி’, ‘சிக்னல்’ என்னும்போது ஒலிக்கிறது அல்லவா? ‘மலைன்’, அதன் உறவுச்சொல்லான ‘மலிக்னன்ட்’ (malignant) இரண்டுக்கும் அதே கணக்கு: முன்னதில் ‘ஜி’ ஒலிக்காது, பின்னதில் ஒலிக்கும்.

‘அபவுட்’ சேர்க்க வேண்டாம்

யாரைத் தூற்றினார் என்பது வினையை அடுத்து நேராக வரும்: ‘ஹி மலைன்ட் ஹெர்’ (அவர் அவளைத் தூற்றினார்). அவ்வளவுதான்.

கட்டிக்கு ‘மலிக்னன்ட்’

புற்றுக்கட்டியை இன்றைய மருத்துவ ஆங்கிலம் ‘மலிக்னன்ட்’ என்றே சொல்லும்; ‘மலைன்’ என்று எழுதினால் மருத்துவர் புருவம் உயர்த்துவார். குழப்பத்துக்குக் காரணம் ‘பினைன்’. புற்றல்லாத கட்டிக்கும் அதுதான் சொல், ‘மலைன்’ என்ற பெயரடைக்கு எதிர்ச்சொல்லும் அதுதான். ‘மலைன்’ பெயரடையாகப் பெரும்பாலும் செல்வாக்கு, நோக்கம், விளைவு போன்றவற்றின் முன்னால் வரும்: ‘மலைன் இன்ஃப்ளூயன்ஸ்’ (கேடான செல்வாக்கு).

சட்ட ஆவணத்தில் குற்றத்தின் பெயராக எழுதாதீர்கள்

‘மலைன்’ பொதுவழக்குச் சொல். வழக்குத் தொடுக்க அது போதாது. அவதூறுக்குச் சட்டத்தில் பொதுப்பெயர் ‘டிஃபமேஷன்’. இங்கிலாந்துச் சட்டம் அதை இரண்டாகப் பிரிக்கிறது: வாய்ப்பேச்சில் நடந்தால் ‘ஸ்லாண்டர்’, எழுத்து போன்ற நிலைத்த வடிவத்தில் வந்தால் ‘லைபல்’. வாயால் பேசியதெல்லாம் ‘ஸ்லாண்டர்’ என்றும் நினைத்துவிடாதீர்கள். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலிபரப்பான பேச்சை அந்தச் சட்டம் ‘லைபல்’ கணக்கில்தான் சேர்க்கிறது.