வயதான பூனையைப் பராமரிப்பது எப்படி? எடை மிஷினிலிருந்து தொடங்குங்கள்

பத்து வயதைத் தாண்டிய பூனை முதிய பூனை. அது மேசைமேல் தாவுவதை நிறுத்தினாலோ, நாளெல்லாம் சுருண்டு படுத்தாலோ, "வயசாயிடுச்சு, அதான்" என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் காரணம் வயது மட்டுமல்ல. மூட்டுத் தேய்மானம், சிறுநீரக நோய், தைராய்டு, ரத்த அழுத்தம் இவற்றில் ஒன்றாக இருக்கலாம். இவற்றில் பலவற்றை மருந்தாலும் உணவாலும் கட்டுக்குள் வைக்க முடியும். ஆனால் பூனை வலியை வெளியே காட்டாது. நாம்தான் அளந்து பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

1. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள்

இந்த ஒரு பழக்கம் மட்டும் போதும் என்றுகூடச் சொல்வேன், அவ்வளவு முக்கியம். பூனையைத் தூக்கிக்கொண்டு நாம் எடை பார்க்கும் மிஷினில் ஏறி, நம் எடையைக் கழிப்பது வழக்கம். அதில் 100, 200 கிராம் வித்தியாசம் சரியாகத் தெரியாது. 4 கிலோ பூனைக்கு 200 கிராம் என்பது உடல் எடையில் 5 சதவீதம். அதனால் 10 கிராம் வரை காட்டும் குழந்தை எடை மிஷின் வாங்குங்கள். அதன்மேல் ஒரு அட்டைப்பெட்டியை வைத்து, பூஜ்ஜியமாக்கி, பூனையை உள்ளே விடுங்கள். எப்போதும் சாப்பாட்டுக்கு முன் பாருங்கள். தேதியோடு குறித்து வையுங்கள்.

ஒரே மாதத்தில் 5 சதவீதம் குறைந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போனால் தைராய்டு அதிகமாகச் சுரப்பதாகவோ சர்க்கரை நோயாகவோ இருக்கலாம். முடி அடர்ந்த பூனையில் இளைப்பு கண்ணுக்குத் தெரியாது. முதுகெலும்பின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். எலும்பு கூர்மையாகத் தட்டுப்பட்டால் தசை கரைகிறது என்று அர்த்தம்.

2. தண்ணீரையும் லிட்டர் டிரேவையும் (பூனை மலம், சிறுநீர் கழிக்கும் தட்டு) சேர்த்துக் கவனியுங்கள்

ஒரு பூனைக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்குச் சுமார் 50 மில்லி தண்ணீர் வேண்டும், சாப்பாட்டில் உள்ளதையும் சேர்த்து. 100 கிராம் வெட் ஃபுட்டிலேயே (டின், பாக்கெட்டில் வரும் ஈரமான உணவு) 75 முதல் 80 மில்லி வந்துவிடும். டிரை ஃபுட்டில் பத்தில் ஒரு பங்குதான் ஈரம். கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால் அது பெரும்பாலும் நோயின் அறிகுறி. அதற்காகத் தண்ணீர் வைப்பதைக் குறைத்துவிடாதீர்கள். சிறுநீரகம் நீரைப் பிடித்துவைக்க முடியாததால்தான் அது அவ்வளவு குடிக்கிறது.

டிரேயில் ஈரம் பட்டால் கட்டியாகும் லிட்டர் (மணல் போன்ற துகள்) பயன்படுத்தினால், அள்ளும்போதே சிறுநீர்க் கட்டிகளின் அளவு தெரியும். வழக்கத்தைவிடப் பெரிதாகவோ அதிகமாகவோ இருந்தால் ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்க வேண்டும். மலம் சிறிய, காய்ந்த உருண்டைகளாக வந்தால் உடலில் நீர் குறைந்திருக்கலாம்.

டிரேவுக்கு வெளியே போனால் கோபத்தில் செய்கிறது என்று நினைக்காதீர்கள். மூட்டு வலியுள்ள பூனைக்கு 15 செ.மீ. சுவரைத் தாண்டுவதே கஷ்டம். ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பை எடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் 6, 7 செ.மீ. உயரத்துக்கு வெட்டுங்கள். வெட்டிய விளிம்பில் டேப் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் வயிற்றில் கீறும். லிட்டர் 3 முதல் 5 செ.மீ. ஆழம் போதும். அதற்கு மேல் போனால் கால் புதைந்து தடுமாறும்.

3. சாப்பாடு

மோப்பம் குறைந்தால் பசியும் குறையும். வெட் ஃபுட்டை உடல் சூட்டுக்கு, ஏறக்குறைய 38 டிகிரிக்கு, வெதுவெதுப்பாக்கிக் கொடுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் நன்றாகக் கிளறி விரலால் தொட்டுப் பாருங்கள், அங்கங்கே கொதித்துக்கொண்டிருக்கும். நாளுக்கு நான்கைந்து முறை சிறிது சிறிதாக வையுங்கள். உணவை மாற்றுவதானால் 7 முதல் 10 நாள் எடுத்து, பழையதோடு கலந்து மாற்றுங்கள்.

சிறுநீரகத்துக்கு நல்லது என்று நீங்களாகவே புரதத்தைக் குறைக்க வேண்டாம். பரிசோதனையில் நோய் உறுதியாகாமல் குறைத்தால் தசைதான் போகும்.

4. ஏறி இறங்க வழி

அது வழக்கமாகப் படுக்கும் இடத்துக்கு அகலமான, வழுக்காத படி வையுங்கள். சாப்பாடு, தண்ணீர், டிரே எல்லாம் ஒரே தளத்தில் இருக்கட்டும், ஆனால் ஒன்றையொன்று ஒட்டி வேண்டாம்.

5. நகமும் முடியும்

வயதான பூனை நகத்தைச் சரியாகப் பிராண்டித் தேய்க்காது. நகம் தடித்து, வளைந்து, பாதச் சதைக்குள்ளேயே குத்தி ஏறும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நுனியை மட்டும் வெட்டுங்கள், ரத்தம் ஓடும் இளஞ்சிவப்புப் பகுதியைத் தொடாமல். இடுப்புக்கு மேலே முடி சிக்குப் பிடித்தால், திரும்பி நக்க முடியாமல் முதுகு வலிக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். சிக்கைக் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டாம். தோலும் சேர்ந்து வெட்டுப்படும்.

6. மருந்தும் மருத்துவரும்

மனிதருக்கான வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். மருத்துவர் தந்த மாத்திரையைக் கொடுத்த பிறகு, சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீரை வாயோரமாக மெதுவாக விடுங்கள். உலர்ந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம், தைராய்டு, பல் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இரவில் காரணமின்றிக் கத்தினால் அதையும் சொல்லுங்கள், பிபி அல்லது தைராய்டு காரணமாக இருக்கலாம்.

கீழ்க்கண்டவற்றுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது: முழுதாக 24 மணி நேரம் சாப்பிடாமல் இருப்பது (கல்லீரலில் கொழுப்பு படியத் தொடங்கும், பருமனான பூனைக்கு ஆபத்து அதிகம்), முக்கியும் சிறுநீர் வராதது, திடீரென்று கண் தெரியாமல் முட்டிக்கொள்வது, வாயைத் திறந்து மூச்சுவிடுவது, தூங்கும்போது நிமிடத்துக்கு 30-க்கு மேல் மூச்சு ஓடிக்கொண்டே இருப்பது.