உதவி, சுவிசேஷம், வேதபாடம்: மூன்றும் ஒரே வாசற்படியில் சேருவதற்கு

பெரும்பாலான சபைகளில் உதவி ஊழியத்துக்கு ஒரு குழு, வெளி ஊழியத்துக்கு ஒரு குழு, வேதபாடத்துக்கும் ஜெபத்துக்கும் ஒரு குழு இருக்கும். மூன்றும் நல்ல குழுக்கள்தான்; ஒன்றின் முகத்தை மற்றொன்று பார்ப்பதில்லை என்பதுதான் கோளாறு. உங்கள் சபை எப்படி என்று பார்க்க எளிய சோதனை உண்டு. கடந்த 3 மாதத்தில் உதவி பெற்ற குடும்பங்களின் பட்டியலை எடுங்கள். இதில் எத்தனை வீடுகளுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வேதபாடம் நடத்துகிறவரிடம் கேளுங்கள். ஒன்றுகூட இல்லை என்றால் காணிக்கைப் பணம் ஒரு வழியாகவும் போதனை வேறு வழியாகவும் போய்க்கொண்டிருக்கிறது.

இதைச் சரிசெய்ய நான்காவதாக ஓர் ஒருங்கிணைப்புக் குழு போடாதீர்கள். கூட்டம்தான் கூடும். மூன்றும் இயல்பாகச் சேருகிற இடம் வீட்டுச் சந்திப்பு. உதவியைக் கொண்டுபோகிற அதே இருவர் அங்கே உட்கார்ந்து காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, திரும்பி வந்து கேட்டதை வைத்தே வேதத்தைத் திறக்க வேண்டும். மற்ற ஏற்பாடெல்லாம் இதற்குத் துணைதான்.

இப்படி ஒட்டிக்கொள்வது புதிதல்ல. 1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கூட்டத்தாருக்கு, கட்டிய கூடத்தின் கடன் பாக்கி இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று முடிவானது. பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒருவர் வாராவாரம் வீடு வீடாகப் போய் வசூலித்தார். கொடுக்க முடியாத ஏழைக்காக வசூலிப்பவரே தன் கையிலிருந்து போட்டார். காசு வாங்கப் போனவர்கள் வீட்டுக்குள் நடப்பதையும் பார்த்தார்கள்: சண்டை, குடி, சோர்வு. அதை வந்து சொன்னபோது, இந்த வசூல் ஏற்பாட்டையே ஆவிக்குரிய கண்காணிப்புக்கும் பயன்படுத்தலாம் என்று வெஸ்லி கண்டுகொண்டார். மெதடிஸ்ட்களின் வாராந்தரச் சிறு குழுவான ‘வகுப்புக் கூடுகை’ பிறந்தது அப்படித்தான். வாராவாரம் கதவைத் தட்ட ஒரு சாதாரணக் காரணம் இருந்தது. மிச்சம் அதன் பின்னால் வந்தது.

முதலில் கேட்டு அறியுங்கள்

என்ன கொடுப்பது என்பதை மூப்பர் கூட்டத்தில் முடிவுசெய்துவிட்டுக் கிளம்பாதீர்கள். முதல் 6 வாரம் கேட்பதற்கு மட்டும். ஐந்து ஜோடி ஆட்கள், ஜோடிக்கு வாரம் 2 வீடு என்றால் 60 வீடு ஆகிறது. ஒரு சுற்றுவட்டாரத்தைப் புரிந்துகொள்ள அது போதும். கேட்க வேண்டியவை நான்கே: இந்தப் பக்கத்தில் மனிதருக்குக் கஷ்டம் எதில் வருகிறது? கஷ்டம் வந்தால் முதலில் யாரிடம் போவீர்கள்? இங்கே ஏற்கெனவே நன்றாக நடப்பது எது? உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலை எது? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் மனிதர்கள் வெறும் தேவைப் பட்டியலாகிவிடுவார்கள்.

கேட்டதிலிருந்து ஒரு வேலையை மட்டும் தேர்ந்தெடுங்கள்: பிள்ளைகளுக்கு மாலைப் படிப்பு, தனியாக இருக்கும் முதியோரைப் பார்த்து வருவது, நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, இப்படி ஒன்று. அளவுகோல் இரண்டு: இப்போது இருக்கிற ஆட்களை வைத்தே ஒரு வருடம் நடத்த முடியுமா? முதல் நாளன்றே 3 மாதச் செலவு கையில் இருக்கிறதா? இல்லை என்றால் வேலையைச் சிறிதாக்குங்கள். பாதியில் நின்றுபோகிற உதவி, உதவாததைவிட அதிகமாகக் காயப்படுத்தும்.

பணம்

உதவி நிதிக்குத் தனிக் கணக்கு, இரண்டு கையெழுத்து. கையெழுத்துப் போடும் இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. காணிக்கையை எண்ணும்போது எப்போதும் இருவர். கொரிந்து சபையின் நன்கொடையை எடுத்துவரத் தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரரைப் பவுல் அனுப்பினார், பெரிய தொகை விஷயத்தில் ஒருவரும் குற்றம் சொல்ல இடமிருக்கக் கூடாது என்று காரணமும் எழுதியிருக்கிறார் (2 கொரி. 8:16-22). அப்போஸ்தலனுக்கே தேவைப்பட்ட ஏற்பாடு நமக்கும் தேவைதான்.

அவசரத்துக்கு ஒரு சிறு வரம்பு வையுங்கள். அதற்குள் அடங்கினால் பொறுப்பாளர் ஒருவரே அன்றைக்கே கொடுக்கலாம். மீறினால் மூவர் சேர்ந்து 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். ‘ஜெபித்துச் சொல்கிறோம்’ என்று இழுத்தடிப்பதுபோல ஊழியத்தின் பேரைக் கெடுப்பது வேறில்லை. சந்திக்கப் போகிறவர்கள் சொந்தப் பணத்தைக் கடனாகக் கொடுக்கவே கூடாது. கடன் திரும்பாத நாளிலிருந்து அந்த வீட்டார் அவர்களைக் கண்டால் ஒளிவார்கள். சந்திப்பு அத்தோடு முடிந்தது.

ஜோடி, வாசற்படி, நாற்பது நிமிடம்

இயேசு சீஷரை இரண்டிரண்டு பேராக அனுப்பினார் (மாற். 6:7). பழகியவர் ஒருவர், புதியவர் ஒருவர் என்று சேருங்கள். பயிற்சி வகுப்பில் வராதது இதில் வரும். ஒரு ஜோடிக்கு 4 குடும்பத்துக்கு மேல் வேண்டாம். ஐந்தாவது வீடு வந்ததும் பெயர் மறக்கத் தொடங்கும். பிள்ளைகள் சம்பந்தப்பட்ட வேலையில் எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. இதற்கு விதிவிலக்கு கிடையாது, போதகர் உட்பட.

சந்திப்பின் ஒழுங்கு முக்கியம். சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் போங்கள். கொண்டுபோனதை முதல் ஐந்து நிமிடத்துக்குள் கொடுத்துவிடுங்கள். பலர் இதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வார்கள். ஜெபம் முடிந்த கையோடு பையை நீட்டுவார்கள். அப்படிச் செய்தால் அந்த அம்மாவுக்கு அது ஜெபத்துக்குத் தலைகுனிந்து நின்றதற்கான கூலிபோல இருக்கும். முழு நேரமும் அவர் கண் பையின்மேல்தான் இருக்கும், நம் பேச்சின்மேல் இருக்காது. முதலிலேயே கொடுத்துவிட்டால் அந்தக் கணக்கு தீர்ந்தது; பிறகு இரண்டு மனிதர்களாகப் பேசலாம்.

அதன்பின் போன தடவை சொன்னதைக் கேளுங்கள்: ‘பெரியவருக்கு இருமல் எப்படி இருக்கிறது?’ அந்த ஒரு கேள்விக்கு, நினைவு வைத்திருந்தார்களே என்று முகம் மாறும். அரை மணி நேரம் கேட்பதற்கு. கிளம்பும்போது ஒரே ஒரு தடவை கேளுங்கள்: ‘உங்களுக்காக ஜெபிக்கலாமாம்மா?’ வேண்டாம் என்றால் ‘சரிம்மா’ என்று அடுத்த நாளைக் குறித்துக்கொண்டு எழுந்திருங்கள். குரலில் ஏமாற்றம் தெரியக் கூடாது. சரி என்றால் இரண்டே நிமிடம், அவர்கள் சொன்ன காரியத்தையே சொல்லி ஜெபியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவருக்குப் பிரசங்கம் செய்கிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அது பக்கத்தில் இருப்பவர் காதுக்குத்தான் என்று ஆண்டவருக்கும் தெரியும், பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியும்.

நிபந்தனை இல்லை

ஆராதனைக்கு வந்தால்தான் உதவி, ஜெபத்துக்குச் சம்மதித்தால்தான் உதவி என்ற பேச்சு எந்த ரூபத்திலும் வரக் கூடாது. இதை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பிரசங்கம் முடிந்தபின் டோக்கன் கொடுப்பது, உதவி பெற்றவரைச் சாட்சி சொல்ல மேடையேற்றுவது எல்லாம் இதே நிபந்தனையின் வேறு வேஷங்கள். ஆசை காட்டி மதம் மாற்றுவது பல இடங்களில் சட்டப்படி குற்றம். உங்கள் நாட்டுச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். சட்டம் இல்லாத இடத்திலும் இது தவறுதான். விலை கொடுத்து வாங்கிய விசுவாசம் அடுத்து அதிக விலை கொடுக்கிறவரிடம் போய்விடும்.

அப்படியானால் சுவிசேஷம் எங்கே வருகிறது? கேள்வியில் வருகிறது. ஐந்தாறு மாதம் தவறாமல் வருகிறவர்களைப் பார்த்து, ‘நீங்கள் ஏன் இதைச் செய்கிறீர்கள்?’ என்று வீட்டார் கேட்பார்கள். அன்றைக்குச் சொல்லப் பதில் வேண்டும். ஒவ்வொருவரும் அதை மூன்று நிமிடத்துக்குள், சபைக்குள் மட்டும் புரிகிற வார்த்தைகள் இல்லாமல் சொல்லிப் பழகுங்கள். ‘இரட்சிப்பு’, ‘அபிஷேகம்’ என்ற சொற்களை எடுத்துவிட்டால் பேச்சே நின்றுவிடுகிறது என்றால், சொல்ல வேண்டியதை இன்னும் முழுதாக உணரவில்லை என்று பொருள். வெளி ஊழியம் பேசுகிறவரையே வளர்ப்பது இந்த இடத்தில்தான்.

இன்னொரு வழி, அழைப்பை மாற்றுவது. முதல் அழைப்பு ஆராதனைக்கு அல்ல, வேலைக்கு. உதவி பெற்ற குடும்பத்தில் ஒருவருக்குத் தையலோ கணக்கோ தெரியும் என்று அந்த நான்காவது கேள்வியில் எழுதி வைத்திருப்பீர்கள். மூன்றாம் மாதம் போய், ‘மாலைப் படிப்புக்கு ஆள் குறைகிறது, வாரம் ஒரு மணி நேரம் வர முடியுமா ஐயா?’ என்று கேளுங்கள். விசுவாசியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பக்கத்தில் நின்று வேலை செய்கிறவரோடு பேசுகிற பேச்சு எதிரே உட்கார்ந்து உதவி வாங்குகிறவரோடு வராது. வெளியார் நம்மை அளப்பதும் வேலையைப் பார்த்துத்தான். ரோமப் பேரரசன் ஜூலியன் கிறிஸ்தவத்துக்கு விரோதி. அவனே 362-ல், இந்தக் கலிலேயர் (கிறிஸ்தவர்களை அவன் அப்படித்தான் அழைத்தான்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் தாங்குகிறார்கள் என்று கலாத்தியாவின் கோயில் பூசாரித் தலைவனுக்குக் குறைபட்டு எழுதி, அதேபோல அன்னியருக்கு விடுதிகள் அமைக்கச் சொன்னான்.

திரும்பி வந்தபின்

இதைத்தான் சபைகள் விட்டுவிடுகின்றன. சந்திப்பு முடிந்து இரண்டு நாளுக்குள் எல்லா ஜோடிகளும் 45 நிமிடம் கூடுங்கள். முதல் ஐந்து நிமிடம் மௌனம். அடுத்த இருபது நிமிடம் சொல்வதற்கு: எங்கே எரிச்சல் வந்தது? எங்கே பெருமை வந்தது? யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தோம்? பிறகு வேதம், முடிவில் ஜெபம். வேதபாடத்துக்கு வருட அட்டவணை வேண்டாம். அன்று பார்த்த வீடே பகுதியைத் தேர்ந்தெடுக்கட்டும். கடனில் மூழ்கிய வீடு என்றால் நெகேமியா 5. நிலத்தை அடகு வைத்து, பிள்ளைகளை அடிமைகளாக்க வேண்டிவந்த ஜனங்களின் கூக்குரல் அங்கே இருக்கிறது. சம்பளத்தைப் பிடித்துவைத்த முதலாளி என்றால் யாக்கோபு 5:4. தீராத நோய் என்றால் 88-ஆம் சங்கீதம். அது கூக்குரலில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. ஆறுதல் வசனம் தேடி அவசரப்படாமல் ஒரு தடவையாவது அந்த இருளோடு உட்காரப் பழகலாம்.

‘உழைக்காதவனுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?’ என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள், 2 தெசலோனிக்கேயர் 3:10-ஐயும் காட்டுவார்கள். ஒதுக்காதீர்கள், அதையே வாசியுங்கள். வேலைசெய்ய மனதில்லாதவனைப் பற்றித்தான் அந்த வசனம் பேசுகிறது; வேலை கிடைக்காதவனைப் பற்றியோ உடம்பு முடியாதவனைப் பற்றியோ அல்ல. இந்த வீட்டார் இதில் யார் என்று தெரிய, திரும்பவும் போய்த்தான் பார்க்க வேண்டும். வேதம் ஆளை மறுபடி வாசற்படிக்கு அனுப்புகிறது.

கூடுகையில் கேட்டது கூடுகையோடு நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பொது ஜெபத்தில் பெயர் கிடையாது. ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஊர்வம்பு பேசுவதில் நாம் தேர்ந்தவர்கள்.

நோட்டு

ஒரு சாதாரண நோட்டுப் போதும்: தேதி, வீட்டு எண் (பெயர் வேண்டாம், பெயர்ப் பட்டியல் ஒருவரிடம் தனியாக இருக்கட்டும்), தேவை, கொடுத்த வாக்கு, அடுத்த தேதி. ‘ஏற்றுக்கொண்டார் / இல்லை’ என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொல்வார்கள். சேர்க்காதீர்கள். அந்தக் கட்டம் வந்த வாரத்திலிருந்து ஆட்கள் அதை நிரப்புவதற்காகவே போவார்கள். புகைப்படமும் வேண்டாம், நன்கொடையாளருக்குக் காட்ட வரவுசெலவுக் கணக்கு இருக்கிறது.

எங்கே சறுக்கும்

முதல் சறுக்கல், அதே நான்கு பேர் எல்லாவற்றையும் சுமப்பது. பத்து வாரம் வேலை, இரண்டு வாரம் ஓய்வு என்று சுற்று வையுங்கள். ஓய்வு வாரங்களை முதலிலேயே வீட்டாருக்குச் சொல்லிவிடுங்கள். போதகரே பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தால் அது தாழ்மை மாதிரி தெரியும், ஆனால் அப்போஸ்தலர் செய்தது வேறு. கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டபோது ஏழு பேரைத் தெரிந்தெடுக்கும்படி சபையாரிடம் சொல்லி, அந்தப் பொறுப்பை அவர்களிடம் கொடுத்தார்கள் (அப். 6:1-7). ஏழு பேரின் பெயரும் கிரேக்கப் பெயர். முறையிட்ட பக்கத்தாருக்கே பொறுப்புப் போனதுபோலத்தான் தெரிகிறது. உங்கள் குழுவிலும் உதவி பெற்ற பக்கத்திலிருந்து ஒருவராவது இருக்கட்டும்.

இரண்டாவது, முடிவே இல்லாத உதவி. விபத்து, வெள்ளம், திடீர் நோய் என்றால் உடனே கொடுங்கள், கேள்வி வேண்டாம். மற்றவற்றுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டாரோடு உட்கார்ந்து, தொடரலாமா, மாற்றலாமா, நிறுத்தலாமா என்று பேசுங்கள். முதுமை, தீராத நோய் போன்றவற்றுக்கு நிறுத்தும் தேதி தேடாதீர்கள். 1 தீமோத்தேயு 5 அறுபது வயதுக்குக் குறையாத, ஆதரவற்ற விதவைகளுக்கென்றே ஒரு பட்டியலைப் பற்றிப் பேசுகிறது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்ண வேண்டியவை: சொன்ன நாளில் போன சந்திப்பு எத்தனை, தவறியது எத்தனை, உதவி பெற்றவர்களில் இப்போது உதவுகிறவர்கள் எத்தனை, கூடுகையிலிருந்து நின்றுபோனவர்கள் யார், ஏன். தவறிய சந்திப்புகள் கால்வாசியைத் தாண்டினால் புதுக் குடும்பங்களைச் சேர்ப்பதை நிறுத்துங்கள்.

உதவியை நிறுத்துவது என்று முடிவானால் இரண்டு மாதம் முன்பே நேரில் சொல்லுங்கள். நின்றபின் அடுத்த மாதம், வழக்கமான நாளில், கையில் ஒன்றும் இல்லாமல் அந்த வீட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள். கதவு எப்படித் திறந்தது என்பதை நோட்டில் எழுதி வையுங்கள்.