மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயர் இருக்கிறதா?

“தம்பி, மாடியில கொடிக்கம்பி கடிக்குதுடா” என்று ஒத்தக்கடை அத்தை போனில் சொன்னபோது, ஏதோ துருப்பிடித்த கம்பி கையைக் கிழித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். “கிழிக்கலடா, சுண்டி இழுக்குது” என்றார். அடுத்த நொடியே “மெயினை ஆஃப் பண்ணுங்க, யாரும் மாடிக்குப் போகாதீங்க” என்று கத்திவிட்டு வண்டியை எடுத்தேன்.

துணி காயப்போடும் ஜிஐ கம்பியின் ஒரு முனை ஏசி அவுட்டோர் யூனிட்டின் ஸ்டாண்டில் கட்டியிருந்தது. அவுட்டோரின் மூடியைக் கழற்றினேன். வயர் உள்ளே நுழையும் தகட்டு ஓட்டையில் ரப்பர் வாஷர் இல்லை. கம்ப்ரசர் அதிர அதிர, தகட்டின் விளிம்பு பேஸ் வயரின் (மின்சாரம் வருகிற வயர்) உறையைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, உள்ளே செம்பு பளபளத்தது. தகடு, ஸ்டாண்டு, கொடிக்கம்பி, அதில் ஈரப் புடவையோடு அத்தையின் கை. அன்றைக்கு அவர் காலில் ரப்பர் செருப்பு இருந்தது.

அந்த ஏசியை மாட்டியது நான்தான். அவுட்டோரில் பச்சை எர்த் வயரை ஒழுங்காகத்தான் முறுக்கியிருந்தேன். பிளக்கிலும் மூன்று பின் இருந்தது. சுவரில் இருந்த 16 ஆம்பியர் பாயிண்டைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: மேலே உள்ள பெரிய ஓட்டைக்கு, அதாவது எர்த் ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை. வீடு கட்டியபோது அந்தப் பாயிண்டுக்கு இரண்டு வயர்தான் இழுத்திருக்கிறார்கள். நான் அதைச் சோதிக்காமல் பிளக்கைச் சொருகிவிட்டு வந்திருக்கிறேன். அன்றிலிருந்து எர்த் பார்க்காமல் எந்த ஏசியையும் நான் ஓட விடுவதில்லை. நான் எப்படிப் பார்க்கிறேனோ அதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் எர்த் என்ன செய்கிறது என்பது தெரிய வேண்டும். ஏசியின் உலோக உடம்பில் எப்போதாவது பேஸ் பட்டுவிட்டால், அந்த மின்சாரம் உங்கள் உடம்பு வழியாகப் போகாமல் மண்ணுக்குப் போக ஒரு சுலபமான பாதை வேண்டும். அவுட்டோரின் எர்த் ஸ்குருவில் தொடங்கி, இண்டோர், பிளக்கின் தடித்த பின், சுவர்ப் பாயிண்ட், வீட்டு வயர்கள் எல்லாம் வந்து சேரும் டிபி பாக்ஸ், கடைசியில் வெளியே மண்ணில் குழாய் புதைத்த எர்த் குழி வரை அந்தப் பாதை எங்கேயும் அறாமல் போக வேண்டும். நடுவில் ஓர் இடத்தில் விட்டுப்போனாலும் எர்த் இல்லை என்றுதான் அர்த்தம்.

ஆகவே மாடியில் இருந்து தொடங்குங்கள். டிபி பாக்ஸில் ஏசியின் எம்சிபியை (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானே விழும் சுவிட்ச்) இறக்கிவிட்டு, பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் அவுட்டோர் மூடியைத் திறப்பது மெக்கானிக்கின் வேலை. நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். டெர்மினல் பக்கத்தில், ஒரு நேர்க்கோட்டுக்குக் கீழே மூன்று கோடுகள் குறைந்துகொண்டே போகிற மாதிரி ஒரு குறி இருக்கும். அதுதான் எர்த் ஸ்குரு. பச்சை வயர், அல்லது பச்சையில் மஞ்சள் கோடு போட்ட வயர், அந்த ஸ்குருவில்தான் இருக்க வேண்டும். பெயிண்ட் அடித்த தகட்டில் ஏதோ ஒரு ஸ்குருவில் மாட்டியிருந்தால் பெயிண்டே தடுத்துவிடும்.

பல வீடுகளில் இந்தப் பச்சை வயரை மடக்கி டேப் சுற்றி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். கேட்டால் “செம்புக் குழாய் வழியா எர்த் போயிரும்ணே” என்பார்கள். ஏசியின் கேஸ் போகிற அந்தச் செம்புக் குழாய் மின்சாரத்தைக் கடத்தும்தான். ஆனால் அது எர்த் வயர் இல்லை. இண்டோரின் எர்த் ஸ்குரு லூசாக இருந்தால் அந்தப் பாதையும் போச்சு. சர்வீஸுக்காகக் குழாயைக் கழற்றினாலும் போச்சு. மடக்கி வைத்திருந்தால் உங்கள் கண் முன்னாலேயே விரித்து மாட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

அடுத்தது ஸ்டெபிலைசர். ஏசி பிளக் சுவரில் நேராகப் போகாமல் ஸ்டெபிலைசரில் போகிற வீடுகளில் எர்த் அதற்குள் புகுந்துதான் வெளியே வர வேண்டும். பழைய பெட்டிகளில் உள்ளே அந்த ஒரு வயர் சூட்டில் உருகிக் கழன்றிருக்கும். ஸ்டெபிலைசர் மட்டும் நன்றாகவே வேலை செய்யும். அதனால் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, பிளக்கைப் பிடுங்கிய நிலையில், ஸ்டெபிலைசர் பிளக்கின் தடித்த பின்னுக்கும் அவுட்டோரின் பித்தளை வால்வுக்கும் இடையே பார்ப்பேன். தூரத்துக்கு எட்டாது என்பதால் இருபது மீட்டர் வயர் ஒன்று எப்போதும் பையில் இருக்கும். 1 ஓமுக்குள் வர வேண்டும். சில ஓம் காட்டினால் எங்கேயோ ஸ்குரு லூஸ். பாதையே இல்லை என்று மீட்டர் காட்டினால் வயர் அறுந்திருக்கிறது.

இனி சுவர்ப் பாயிண்ட். அத்தை வீட்டில் நான் கோட்டை விட்டது இங்கேதான். பாயிண்டில் மின்சாரம் இருக்கும்போதுதான் இதைப் பார்க்க முடியும், எனவே வயரிங் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் (மின்சாரம் திரும்பிப் போகிற வயர்) நடுவே ஏறக்குறைய 230 வோல்ட் வரும். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது.

ஆனால் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். மல்டிமீட்டர் இழுக்கிற மின்சாரம் மிகமிகக் குறைவு என்பதால், ஆயிரக்கணக்கான ஓம் தடை உள்ள செத்த எர்த்தில்கூட அது 230 காட்டிவிடும். பழைய ஆட்கள் செய்கிற பல்ப் சோதனைதான் செத்த எர்த்தைக் காட்டிக்கொடுக்கும். 100 வாட் குண்டு பல்பை பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பிடித்தால், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே எரிகிற அதே வெளிச்சத்தில் எரிய வேண்டும். மங்கலாக எரிந்தால் எர்த் பலவீனம். வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனை வெட்டும் சுவிட்ச்) இருந்தால் பல்பு எரியாது, ஆர்சிசிபி பட்டென்று விழும். அது நல்ல சேதி: எர்த்துக்கு ஒரு பாதையும் இருக்கிறது, ஆர்சிசிபியும் வேலை செய்கிறது. அந்தப் பாதை எவ்வளவு நல்லது என்பது மட்டும் இதில் தெரியாது.

இந்த இடத்தில் ஒரு கொடுமையைச் சொல்லியாக வேண்டும். எர்த் இல்லாத பாயிண்டில் நியூட்ரலில் இருந்து ஒரு துண்டு வயரை எடுத்து எர்த் ஓட்டையில் லூப் அடித்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மீட்டரில் பார்த்தால் எல்லாம் சரி, பல்பும் எரியும். ஆனால் வழியில் எங்கேயாவது நியூட்ரல் அறுந்த அன்றைக்கு, ஏசியின் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும். வயர் அறுந்ததாலேயே மரணம் வீட்டுக்குள் வரும். பாயிண்டின் தட்டைக் கழற்றி, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே குட்டி வயர் இல்லை என்பதைக் கண்ணால் பார்க்காமல் விடாதீர்கள். இருந்தால் அன்றைக்கே எடுத்துவிட்டு, டிபி பாக்ஸில் இருந்து புதிதாக எர்த் வயர் இழுக்க வேண்டும். பேஸ் என்ன அளவோ எர்த்தும் அதே அளவு. ஒன்றரை டன் ஏசிக்கு இரண்டரை ஸ்கொயருக்கு (சதுர மில்லிமீட்டர்) குறையாத செம்பு வயர்.

“தொட்டா லேசா சுருக்குங்குது, மத்தபடி நல்லா ஓடுது” என்று இன்வெர்ட்டர் ஏசி வைத்திருக்கிறவர்கள் அடிக்கடி சொல்வார்கள். அதன் போர்டில் மின் இரைச்சலை வடிகட்டும் சிறு கெபாசிட்டர்கள் இருக்கும். அவை கசியவிடுகிற கொஞ்ச மின்சாரம் எர்த் வழியாகப் போய்விட வேண்டும். எர்த் இல்லையென்றால் உடம்பிலேயே தங்கி, கை பட்டதும் சுருக்கென்கிறது. மெஷின் கெட்டுவிட்டது என்று போர்டை மாற்றிக் காசை விடாதீர்கள். எர்த் அறுந்திருக்கிறது என்று அது உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சரி, எர்த் குழி. மதுரைப் பக்கம் பாதிப் பிரச்சினை இங்கேதான். சித்திரை, வைகாசியில் மண் காய்ந்து கல்லாகிவிடும்; காய்ந்த மண் மின்சாரத்தை வாங்காது. ஏசி அதிகம் ஓடுவதும் அதே மாதங்களில்தான். அத்தை வீட்டுக் குழியின் மூடியைத் தூக்கினேன். உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. எட்டாம் நம்பர் ஜிஐ கம்பியைப் பிடித்திருந்த கிளாம்ப் துருவாகிவிட்டிருந்தது. விரலால் தொட்டேன், கம்பி கையோடு வந்துவிட்டது. எர்த் டெஸ்டரை வைத்துக் குழாயை மட்டும் அளந்தபோது 48 ஓம்.

வீட்டுக்கு 5 ஓமுக்குள் கொண்டுவரப் பார்க்க வேண்டும். புதிய கிளாம்ப் போட்டு, நட்டைத் தேய்த்து இறுக்கி, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி மறுநாள் அளந்ததில் 14 வந்தது. அதற்கு மேல் இறங்கவில்லை. பிறகு 5 மீட்டர் தள்ளி இன்னொரு குழி தோண்டி, இரண்டரை மீட்டர் ஜிஐ குழாயைச் செங்குத்தாக இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கி, இரண்டையும் இணைத்த பிறகுதான் 5-க்குக் கீழே வந்தது. இப்போது பெண்டோனைட் என்ற களிமண் கலவை போடுகிற கெமிக்கல் எர்த்திங் வந்திருக்கிறது. பாறை நிலத்துக்கு அதுவே மேல் என்பது என் அனுபவம். எதுவானாலும் சுவரை ஒட்டித் தோண்டாதீர்கள், ஒன்றரை மீட்டராவது தள்ளித் தோண்டுங்கள். முறையாகத் தெரிந்துகொள்ள நினைக்கிற வயர்மேன்களுக்கு ஐஎஸ் 3043 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டுகிற பழக்கத்தை அடியோடு விடுங்கள். இன்றைய குழாய்கள் பிவிசி. மின்சாரம் மண்ணுக்குப் போகாமல் பாத்ரூம் டேப்பில் வந்து நிற்கும்.

எர்த் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. ஒரு கணக்கைப் பாருங்கள். எர்த் பாதையின் தடை 20 ஓம் என்றால், பேஸ் உடம்பில் பட்டதும் ஓடுகிற மின்சாரம் 230-ஐ 20-ஆல் வகுத்தால் பதினொன்றரை ஆம்பியர். உங்கள் ஏசியின் எம்சிபி 20 ஆம்பியர். அது விழவே விழாது. 5 ஓம் என்றாலும் 46 ஆம்பியர்தான். எம்சிபி விழும், ஆனால் உடனே விழாது. ஆர்சிசிபி கணக்கே வேறு. போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் ஒன்றா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லியாம்பியர் வித்தியாசம் வந்தால் ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள் வெட்டிவிடும். அத்தை வீட்டில் எர்த்தோடு அதுவும் இருந்திருந்தால், வயர் உறை அறுந்து செம்பு தகட்டில் பட்டதுமே லைன் போயிருக்கும்.

ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள், விழ வேண்டும். அது விழுந்ததால் எர்த் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். எர்த்தே இல்லாத வீட்டிலும் அந்தப் பட்டன் வேலை செய்யும். இரண்டு மூன்று இன்வெர்ட்டர் ஏசி ஒரே ஆர்சிசிபியில் இருந்தால், கசிவுகள் சேர்ந்து சும்மா சும்மா விழும். ஏசிக்குத் தனித்தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள். “தொல்லையா இருக்கு, எடுத்திரு” என்று யார் சொன்னாலும் நான் எடுத்துவிட மாட்டேன்.

யாருக்காவது ஷாக் அடித்துப் பிடித்துக்கொண்டால் அவரைத் தொடாதீர்கள். மெயினை இறக்குங்கள், முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் தள்ளி விலக்குங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்கிவிட்டு, பக்கத்தில் இருப்பவரை 108-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

அத்தை வீட்டில் கொடி இப்போது நைலான் கயிறு, இரண்டு மரக் கம்பங்களுக்கு நடுவே. ஒவ்வொரு பங்குனியிலும் போய் இரண்டு குழியையும் அளந்து, மூடியின் உள்பக்கம் தேதியையும் ஓமையும் பெயிண்டில் எழுதிவிட்டு வருகிறேன். இந்த வருடத்தோடு அதில் ஆறு வரிகள் ஆகிவிட்டன. கடைசி வரியில் 3.8 என்று இருக்கிறது.