பெர்ஃபார்மன்ஸ் காரை எக்ஸ்சேஞ்ச் செய்ய ஏற்ற நேரம் எது?

புதிய மாடல் அறிமுகமான வாரத்தில் உங்கள் காரை எக்ஸ்சேஞ்சில் கொடுக்க முடிவெடுக்காதீர்கள். மாற்றுவதற்கான நேரத்தைச் சொல்லக்கூடியது, வரப்போகும் காரைப் பற்றிய செய்தி அன்று. கையில் இருக்கும் காரின் சர்வீஸ் பதிவுகள்தாம்.

அடுத்த 24 மாதங்களில் உங்கள் கார் கேட்கப்போகும் செலவுகளை முதலில் எழுதிப் பாருங்கள். டயரும் பிரேக் பேடும் வேகமாகத் தேய்வது, வேகத்துக்கும் ஆற்றலுக்கும் முக்கியத்துவம் தரும் இவ்வகைக் கார்களின் இயல்பு. அதற்காகக் காரையே மாற்றுவது வீண். கணக்கை மாற்றுபவை கார்பன் செராமிக் பிரேக் டிஸ்க், டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ், டர்போ போன்ற பெரிய வேலைகள். சில எஞ்சின்களுக்கென்றே தனிப்பட்ட பலவீனங்களும் உண்டு. 2007 முதல் 2013 வரை விற்பனையான பிஎம்டபிள்யூ எம்3-இன் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினில் கனெக்டிங் ராட் பேரிங்குகள் (பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் தண்டின் தாங்கிகள்) முன்கூட்டியே தேய்வதுண்டு என்பதால், பழுதாகும் வரை காத்திராமல் அவற்றை மாற்றிவிடும் உரிமையாளர்கள் பலர். உங்கள் மாடலில் அப்படி ஏதேனும் இருக்கிறதா என்று, அதில் நெடுநாள் கைப்பழக்கம் உள்ள மெக்கானிக்கிடம் கேளுங்கள். பெரிய வேலை நெருங்குகிறது, வாரண்டியும் முடியப்போகிறது, அதை நீட்டிக்கவும் வழியில்லை என்றால், வாரண்டி முடிவதற்குச் சில மாதங்கள் முன்பே மாற்றிவிடுவது நல்லது. தெரிந்த குறையை மறைத்து மட்டும் கொடுக்காதீர்கள். அந்தக் காரை அடுத்து ஓட்டப்போகிறவர் அதை முழு வேகத்தில் நம்பி ஓட்டுவார். அந்த வேலையை ஏற்கெனவே செய்து முடித்துவிட்டீர்கள் என்றால் காரை வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அதற்கான செலவு முழுவதும் மறுவிற்பனையில் திரும்பக் கிடைப்பது அரிது.

பெரும்பாலான கார்களின் மதிப்பு முதல் சில ஆண்டுகளில்தான் மிக வேகமாகச் சரியும். ஆகவே பழைய காரின் ஓராண்டு மதிப்பிழப்பு, சர்வீஸ், காப்பீடு ஆகியவற்றின் கூட்டுத்தொகையைப் புதிய காரின் அதே கணக்கோடு ஒப்பிடுங்கள். ஷோரூமில் பழைய காருக்குத் தரும் விலையையும் புதிய காரின் தள்ளுபடியையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். இரண்டையும் கலந்து பேசினால், ஒன்றில் கூட்டித் தருவதை மற்றொன்றில் குறைத்துவிட முடியும்.

இனி, புதிய கார் உங்களுக்கு வேண்டியதைத் தருகிறதா என்ற கேள்வி. மெர்சிடிஸ்-ஏஎம்ஜி சி63 காரில் இருந்த 4.0 லிட்டர் வி8 எஞ்சின், 2022-இல் அறிமுகமான தலைமுறையில் 2.0 லிட்டர் நான்கு சிலிண்டர் ஹைபிரிடாக மாறியது. ஆற்றல் 680 குதிரைத்திறனாக உயர்ந்தது; எடையோ 2,100 கிலோவைத் தாண்டியது. வி8-இன் ஒலிக்காக அந்தக் காரை நேசித்தவருக்கு இது முன்னேற்றமே ஆகாது. மாறாக, சில நேரங்களில் காத்திருப்பவருக்குப் பலன் கிடைக்கும்: 2013-இல் போர்ஷே 911 ஜிடி3 மேனுவல் கியர்பாக்ஸ் இல்லாமல் வந்தது, 2017-இல் மேனுவல் திரும்பி வந்தது.

டெஸ்ட் டிரைவுக்கு முன் உங்கள் காரின் டேம்பர் (ஷாக் அப்சார்பர்), புஷ் (சஸ்பென்ஷன் இணைப்புகளில் உள்ள ரப்பர் பாகம்), வீல் அலைன்மென்ட் ஆகியவற்றைச் சோதித்துச் சரிசெய்துவிடுங்கள். பல வேளைகளில் கார் பழசாகிவிட்டது என்று நமக்குத் தோன்றுவதெல்லாம் தேய்ந்த புஷ்களின் தளர்ச்சியே. அதன் பிறகு ஒரே நாளில், ஒரே சாலையில், முதலில் புதியதையும் அடுத்து உங்களுடையதையும் ஓட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.