மேரி செலஸ்ட் கப்பலுக்கு டாரோ சீட்டு போடுவது எப்படி?

1872-இல் ஆளே இல்லாமல் நடுக்கடலில் மிதந்த மர்மக் கப்பல் இது; அதில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று இன்றும் தெரியாது. டாரோ என்பது குறி பார்க்கும் படச் சீட்டுக்கட்டு. சீட்டு குற்றவாளியைக் காட்டிக்கொடுக்காது. நாம் கேட்கத் தவறிய கேள்வியை எடுத்துக்கொடுக்கும், அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

சீட்டுக்கட்டைத் தொடும் முன் உறுதியான தகவல்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 1872 நவம்பர் 7, நியூயார்க்கிலிருந்து இத்தாலியின் ஜெனோவாவுக்குப் புறப்பாடு. கேப்டன் பிரிக்ஸ், மனைவி சாரா, இரண்டு வயது மகள் சோபியா, மாலுமிகள் ஏழு பேர். சரக்கு 1,701 பீப்பாய் ஆல்கஹால். டிசம்பர் தொடக்கத்தில் ஆளில்லாமல் மிதந்த கப்பலில் உணவும் நீரும் இருந்தன. உயிர்காப்புப் படகைக் காணோம். மேசையில் ஆவி பறக்கும் தேநீர் இருந்ததாம்! பின்னால் வந்த கட்டுக்கதை அது, சேர்க்காதீர்கள்.

பிறகு மூன்றே சீட்டு: எது பயமுறுத்தியது, யார் முடிவெடுத்தார், படகில் என்ன ஆனது. 'கொன்றது யார்?' என்று மட்டும் கேட்கவேண்டாம், கொலைக்கே ஆதாரமில்லை.

எனக்கு மூன்றாவதாக வந்தது 'வாள் ஆறு' (Six of Swords) என்ற சீட்டு. ரைடர் (Rider) என்ற பிரபல டாரோ சீட்டுக்கட்டில் அந்தச் சீட்டைப் பாருங்கள்: படகோட்டி, முக்காடிட்ட பெண், பக்கத்தில் குழந்தை. உடம்பு சிலிர்த்தது. ஆனால் சிலிர்ப்பு சாட்சியாகாதே. அது கிளப்பிய கேள்வியைப் பிடித்துக்கொண்டேன்: இரண்டு வயதுக் குழந்தையோடு நடுக்கடலில் சிறு படகில் இறங்க எவ்வளவு பயந்திருக்க வேண்டும்? திரும்ப ஆவணத்துக்குப் போனால், ஜெனோவாவில் சரக்கை இறக்கியபோது 9 பீப்பாய்கள் காலி. கசிந்த ஆல்கஹாலின் ஆவி வெடிக்கும் என்று பயந்திருக்கலாம்.

சீட்டு சொன்னதை வேறு தாளில் எழுதுங்கள். தலைகீழாக விழும் சீட்டுக்கு வேறு பொருள் சொல்வார்கள்; நான் அதை நேராக்கிவிடுவேன். இந்த வேலைக்கு அந்தக் குழப்பம் தேவையில்லை.