‘ஆபத்தில்லை’ என்று ஒரு ஆய்வை நீட்டினால் எங்கே பார்ப்பது

போன காலபோகத்துக்கு முன்பு வட்டக்கச்சியில் மச்சான் வீட்டு விறாந்தையில் பயிருக்கு அடிக்கிற மருந்து விற்கிற ஒரு கம்பனியின் கூட்டம். வந்தவர்களுக்கு ஆளுக்கொரு தொப்பி, சோற்றுப் பார்சல், கூடவே மினுங்குகிற தாளில் ஒரு ஆய்வுச் சுருக்கம். “வெளிநாட்டு ஆய்வில நிரூபிச்சது அண்ணை, பயப்பிடாம அடியுங்கோ” என்றார் வந்த பையன். மச்சான் தொப்பியைப் போட்டுக்கொண்டு தாளை என்னிடம் தள்ளிவிட்டார்.

இப்படி ஒன்று கைக்கு வந்தால் முதலில் முழு ஆய்வையும் கேளுங்கள். கிடைத்ததும் நேரே கடைசிப் பக்கத்துக்குப் போங்கள், ஆங்கிலம் ஓடாவிட்டால் கம்பஸில் படிக்கிற பிள்ளை யாரையாவது பிடியுங்கள். யார் காசு கொடுத்தது, எழுதியவர்களுக்கு எந்தக் கம்பனியோடு கொடுக்கல் வாங்கல், யாருக்கு நன்றி என்பதெல்லாம் அங்கேதான் சின்ன எழுத்தில் கிடக்கும். நன்றியுரையை ஒருவரும் வாசிப்பதில்லை. நான் அதில்தான் தொடங்குவேன்.

காரணம் கிளைபோசேட். அந்தப் புல்லெண்ணெய் (களைகொல்லி) மனிதருக்கு ஆபத்தில்லை என்று 2000ஆம் ஆண்டு மூன்று பேரின் பெயரில் ஒரு கட்டுரை வந்தது, அதை உலகம் முழுக்க மேற்கோள் காட்டினார்கள். 2017இல் அமெரிக்க வழக்குகளில் அதை விற்ற மொன்சாண்டோ கம்பனியின் உள் மின்னஞ்சல்கள் வெளியே வந்தபோதுதான், அந்தக் கம்பனியின் ஆட்களே எழுத்தில் கை வைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் வலுத்தது. 2025இல் சஞ்சிகை கட்டுரையையே மீளப்பெற்றது. புற்றுநோய் பற்றிய முடிவு கம்பனியின் வெளியிடப்படாத ஆய்வுகளை மட்டுமே நம்பியிருந்தது என்பதும் அதற்கு ஒரு காரணம். இத்தனைக்கும் மொன்சாண்டோ விஞ்ஞானிகளுக்கு நன்றி என்று அந்தக் கட்டுரையிலேயே முதல் நாளிலிருந்து எழுதியிருந்தது!

அப்புறம், எதைச் சோதித்தார்கள் என்று பாருங்கள். போத்திலில் இருப்பது மூலப்பொருள் மட்டுமல்ல, இலையில் பரவி ஒட்டுவதற்குச் சவர்க்காரம் போன்ற சேர்மானங்களும் உண்டு. மூலப்பொருளைத் தனியே எலிக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு, சாரத்தோடு வெறுங்காலில், முதுகில் ஒழுகுகிற தாங்கியோடு நிற்கிறவருக்கு என்ன ஆகும் என்று சொல்லாது.

சரி, கம்பனிக் காசு என்றாலே பொய்யா? இல்லை. பதிவுக்கு விண்ணப்பிக்கிற கம்பனிதான் பாதுகாப்புத் தரவையும் கொடுக்க வேண்டும் என்பது பெரும்பாலான நாடுகளின் சட்டம், அதனால் அந்தச் சோதனைகளின் செலவு கம்பனியின் தலையில்தான். அதே விசயத்தைக் கம்பனிக் காசு வாங்காத யாராவது பார்த்தார்களா, அவர்களுக்கும் அதே விடைதான் வந்ததா என்று தேடுங்கள். எதிர்ப்பக்கத்துக்கும் இதே கண்ணாடியைப் போடுங்கள்: நட்டஈட்டு வழக்கறிஞர்களிடம் காசு வாங்கிய நிபுணர்களும் உண்டு, சேதனப் பசளை விற்கிறவர் காட்டுகிற ஆய்வும் உண்டு.

மச்சானின் தாளில் கடைசிப் பக்கமே இல்லை. பையனுக்குப் போன் எடுத்துக் கேட்டேன், “அடுத்தமுறை கொண்டுவாறன் அண்ணை” என்றார். இப்போது சிறுபோகமும் விதைத்தாயிற்று.