ஐப்பசி மழைக்குச் சூடான ஆப்பிள்: முழுப் பழத்தை வெடிக்காமல் பேக் செய்யும் முறை

எங்கள் ஊரில் ஆப்பிளுக்கு ஒரு வேலைதான் உண்டு. ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போகும்போது, பையில் ஒரு கிலோ வாங்கிப் போவது. படுத்திருப்பவர் இரண்டு துண்டு சாப்பிடுவார். மிச்சம் வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜில் வதங்கும். இந்தப் பழத்தை முழுசாக அடுப்பேற்றினால் இவ்வளவு நல்ல இனிப்பு கிடைக்கும் என்பது மதுரைக்காரர்கள் நிறையப் பேருக்குத் தெரியவில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆப்பிள் பறிக்கும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வீட்டுக்கு வீடு செய்வது இது. பழத்தின் நடுவைக் குடைந்து, சர்க்கரை, வெண்ணெய், உலர் திராட்சை அடைத்து ஓவனில் வைப்பார்கள். ஜெர்மனியில் இதற்கு பிராட்ஆப்ஃபெல் என்று பெயர். கிறிஸ்துமஸ் சமயத்தில் பாதாம் விழுது அடைத்து, மேலே வெனிலா சாஸ் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். அங்கே இலை உதிரும் குளிருக்கு இது. நமக்கு ஐப்பசி அடைமழை இருக்கிறது. மதுரையில் வருஷத்திலேயே அதிகம் மழை பெய்வது அக்டோபரில்தான். காஷ்மீர் ஆப்பிள் லாரி லாரியாக வந்து இறங்குவதும் அந்தச் சமயத்தில்தான். தீபாவளிக்கு வாங்கிய முந்திரியும் திராட்சையும் டப்பாவின் அடியில் கிடக்கும். இதைவிடத் தோதான நேரம் கிடையாது.

பழம் வாங்குவது

பாதி வெற்றி பழக்கடையிலேயே முடிந்துவிடுகிறது. யானைக்கல் பக்கம் போனாலும் சரி, மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போனாலும் சரி, முன்வரிசையில் அடுக்கியிருப்பது அடர் சிவப்பாக, நீள வாக்கில், அடியில் ஐந்து முண்டுகளோடு இருக்கும் டெலிசியஸ் வகை. பச்சையாகக் கடித்துச் சாப்பிட அது அருமை. ஓவனில் வைத்தால் சதை மாவாகி, தோல் தனியாகக் கழன்று தொங்கும். குளிர்பதனக் கிடங்கில் பல மாதம் இருந்து வருகிற பழம் என்றால் இன்னும் மோசம்.

பேக் செய்ய என் முதல் தேர்வு ராயல் காலா. சின்னதாக, உருண்டையாக, மஞ்சளில் சிவப்புக் கோடு போட்டிருக்கும். அடுத்தது பச்சை ஆப்பிள், அதாவது கிரானி ஸ்மித். அதன் புளிப்பு சர்க்கரைக்கு எதிர்நின்று சுவையைத் தூக்கும். வெந்த பிறகும் உருவம் குலையாது. விலைதான் கொஞ்சம் கூடுதல். புதுசாக வந்த காஷ்மீர் பழம்தான் கிடைக்கிறது என்றால், கல்லு மாதிரி இருப்பதாகப் பார்த்து எடுங்கள், வேகும் நேரத்தில் பத்து நிமிஷம் குறைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரரிடம், “அண்ணே, மாவாட்டம் இருக்காதுல்ல?” என்று கேட்டால் எல்லாப் பழத்துக்கும் “இருக்காதும்மா” என்றுதான் பதில் வரும். நீங்களே விரலால் சுண்டிப் பாருங்கள். நல்ல பழம் டங் என்று கெட்டியாகச் சத்தம் கொடுக்கும், கையில் கனமாக உட்காரும். இன்னொன்று, பழத்தைக் கடைப் பலகையில் நிறுத்திப் பாருங்கள். சாயாமல் நிற்கிற பழம்தான் வேண்டும். ஓவனுக்குள் சாய்ந்தால் அடைத்ததெல்லாம் தட்டில் கொட்டிவிடும்.

நான்கு பழத்துக்கு வேண்டியவை

ஒரே அளவில், ஒவ்வொன்றும் 180 முதல் 200 கிராம் இருக்கிற நான்கு ஆப்பிள். வெண்ணெய் 2 டேபிள்ஸ்பூன். நாட்டுச்சர்க்கரை 4 டேபிள்ஸ்பூன். பொடியாக நறுக்கிய முந்திரி அல்லது வால்நட் 3 டேபிள்ஸ்பூன், உலர் திராட்சை 2 டேபிள்ஸ்பூன். பட்டைத்தூள் ஒரு டீஸ்பூன், ஏலக்காய் இரண்டு, சுக்குத்தூள் ஒரு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை. எலுமிச்சை அரை மூடி. தட்டில் ஊற்ற முக்கால் கப் தண்ணீர்.

வெள்ளைச் சர்க்கரையிலும் செய்யலாம். ஆனால் நாட்டுச்சர்க்கரை உருகி ஆப்பிள் சாறோடு சேரும்போது வருகிற அந்த மணம் வெள்ளைச் சர்க்கரையில் வராது. கருப்பட்டி போட்டால் இன்னும் ஆழமான சுவை; அதைத் தட்டிப் போடாமல் துருவிப் போடுங்கள், கட்டியாக இருந்தால் கரையாமல் நிற்கும். பட்டையில் ஒரு விஷயம்: மளிகைக் கடையில் பிரியாணிக்குக் கொடுக்கிற தடித்த பட்டை காரமாக, முரட்டுத்தனமாக இருக்கும். காகிதம் போல் மெல்லிசாகச் சுருண்டிருக்கும் சுருள்பட்டையைக் கேட்டு வாங்கி வீட்டிலேயே பொடியுங்கள். கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஏலக்காய்க்கு நமக்குக் குறையே இல்லை, போடிநாயக்கனூர் பக்கத்தில்தானே இருக்கிறது.

குடைவது

இங்கே அவசரப்படாதீர்கள். இந்த இனிப்பு நன்றாக வருவதும் சொதப்புவதும் இந்த இடத்தில்தான்.

முதலில் பழத்தை வெந்நீரில் ஒரு நிமிஷம் போட்டு, துணியால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். பளபளப்புக்குப் பூசிய மெழுகு போய்விடும். தோலைச் சீவக் கூடாது. வேகும்போது சதையைப் பிடித்து வைப்பது அதுதான்.

ஆப்பிள் குடைவதற்கென்று குழாய் மாதிரி ஒரு கருவி விற்கிறார்கள். அதை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அது இந்தப் பக்கம் குத்தினால் அந்தப் பக்கம் வந்துவிடும். பேக்டு ஆப்பிளுக்கு அடியில் ஓட்டை விழவே கூடாது. விழுந்தால் உருகுகிற வெண்ணெயும் சர்க்கரையும் அத்தனையும் தட்டுக்கு ஒழுகி, அங்கே கருகி, பழம் சப்பென்று நிற்கும். தட்டைத் தேய்ப்பதும் தனி வேலை.

கூர்முனை உள்ள சின்னக் கத்தி ஒன்றும், விளிம்பு மெல்லிசான எவர்சில்வர் டீஸ்பூன் ஒன்றும் போதும். காம்பைச் சுற்றி ஐந்து ரூபாய்க் காசைவிடச் சற்றுப் பெரிய வட்டமாகக் கத்தியைச் செருகுங்கள். கத்தி உள்ளே சாய்வாக இறங்கட்டும். அந்த மூடியைக் காம்போடு பிடித்து இழுத்தால் கூம்பு மாதிரி வந்துவிடும். அப்புறம் ஸ்பூனை உள்ளே விட்டு, சுவரை ஒட்டித் திருப்பித் திருப்பிச் சுரண்டுங்கள். முதலில் சதை ஈரமாக, சர் சர்ரென்று வரும். நடுவில் விதை அறை வந்ததும் ஸ்பூன் தடுக்கும்; நகம் போல் கெட்டியான ஒரு சவ்வு விதையைச் சுற்றியிருக்கும். அது முழுக்க வர வேண்டும். வேகவே வேகாது, வாயில் முள் மாதிரி அகப்படும். விதையெல்லாம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். அடியில் ஒரு சென்டிமீட்டர் சதை இருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு விரலை உள்ளே விட்டு, இன்னொரு விரலை வெளியே அடியில் வைத்துத் தடிமனைத் தடவிப் பார்க்கலாம். குடைந்ததும் உள்ளே எலுமிச்சைச் சாறு தடவிவிடுங்கள், கறுக்காது.

அடுத்தது கீறல். பழத்தின் இடுப்பைச் சுற்றி, பெல்ட் கட்டினது போல், தோல் மட்டும் அறுபடும்படி ஒரு கோடு போடுங்கள். ஆப்பிளில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு தண்ணீர். சூட்டில் அது ஆவியாகி வெளியே வர வழி தேடும். வழி இல்லையென்றால் தோலைத் தாறுமாறாகக் கிழித்துக்கொண்டு வரும், பழம் சரிந்துவிடும். கோடு போட்டால் அந்த இடத்தில் மட்டும் அழகாக விரியும். பல குறிப்புகளில் இதை ஒரு வரியில் சொல்லிப் போகிறார்கள், அல்லது சொல்வதே இல்லை. பழம் வெடித்துப் போனது என்று யார் சொன்னாலும், “கீறினீங்களா?” என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

அடைப்பதும் வேகவைப்பதும்

வெண்ணெயை உருக்காமல், மெத்தென்று இருக்கும்போதே மற்ற எல்லாவற்றோடும் பிசைந்து, குழிக்குள் அழுத்தி அடையுங்கள். திராட்சை மேலே துருத்திக்கொண்டிருந்தால் கருகிக் கசக்கும், அதை உள்ளே தள்ளிவிட்டு முந்திரியை மேலே வையுங்கள். பழங்கள் நெருக்கமாக உட்காரும் அளவுள்ள ஒரு தட்டில் அடுக்கி, அடியில் தண்ணீர் ஊற்றி, மேலே அலுமினியம் ஃபாயில் மூடுங்கள்.

ஓவன் 180 டிகிரியில் பத்து நிமிஷம் முன்பே சூடாகியிருக்க வேண்டும். மேல், கீழ் இரண்டு கம்பியும் எரியட்டும். மேஜை மேல் வைக்கிற சின்ன மின்சார ஓவனில் (ஓ.டி.ஜி.) மேல் கம்பி பழத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும், அதனால் தட்டை அடித்தட்டிலேயே வையுங்கள். மூடியபடி 25 நிமிஷம். அப்புறம் ஃபாயிலை எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் சாற்றை ஸ்பூனால் மொண்டு பழத்தின் மேல் ஊற்றி, இன்னும் 15 நிமிஷம்.

கடிகாரத்தை முழுசாக நம்ப வேண்டாம், பழத்தைப் பாருங்கள். கீறின கோட்டில் சாறு நுரைத்துக் கொப்பளிக்கும். தோல் சுருங்கி நிறம் மங்கும். கத்தி முனையைப் பக்கவாட்டில் குத்தினால் வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கி, கடைசியில் லேசாகத் தடுக்க வேண்டும். தடையே இல்லாமல் இறங்கினால் உடனே எடுத்துவிடுங்கள், இன்னும் ஐந்து நிமிஷம் விட்டால் குழைந்துவிடும். வெளியே எடுத்த பிறகும் உள்சூட்டில் கொஞ்சம் வேகும்.

கண்ணாடித் தட்டு என்றால் சூட்டோடு கிரானைட் மேடையில் வைக்காதீர்கள், விரிசல் விடும். மடித்த துணி மேல் வையுங்கள். எனக்குப் பிடித்தது பீங்கான் தட்டுதான், சூட்டை நின்று நிதானமாகக் கொடுக்கிறது.

தட்டில் மிஞ்சும் சாற்றைக் கொட்டிவிட வேண்டாம். ஒரு சின்னக் கடாயில் ஊற்றிச் சுண்டவிடுங்கள். முதலில் சின்னச் சின்னக் குமிழாகப் பொங்கும், பிறகு குமிழ் பெரிசாகி மெதுவாக உடையும். அப்போது இறக்கிப் பழத்தின் மேல் ஊற்றினால் கண்ணாடி மாதிரி மின்னும்.

வெளிநாட்டில் வெனிலா ஐஸ்கிரீம் வைக்கிறார்கள். நம் ஊரில் அதைவிட நல்லது இருக்கிறது: ஜிகர்தண்டாவில் போடுவது போல் பழுப்பேறச் சுண்டக் காய்ச்சிய பால். நன்றாகக் குளிரவைத்து, சூடான ஆப்பிளைச் சுற்றி ஊற்றுங்கள். பாஸந்தி ஐஸ்கிரீம் கிடைத்தால் ஒரு கரண்டி. நன்னாரி சர்பத் சேர்க்கலாமா என்றால், வேண்டாம். பட்டை வாசனையோடு மல்லுக்கட்டும்.

பின்சேர்க்கை: ஓவன் இல்லாதவர்களுக்கு

இதை எழுதிப் போட்டதும் அதிகம் வந்த கேள்வி, “ஓவன் இல்லை, குக்கரில் செய்யலாமா?” தாராளமாகச் செய்யலாம். ஐந்து லிட்டர் குக்கரில் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிடுங்கள். அடியில் ஒரு அங்குலத்துக்குக் கல்லுப்பு பரப்பி, ஸ்டாண்டு வைத்து, மூடி பத்து நிமிஷம் மிதமான தீயில் சூடாக்குங்கள். பழங்களை ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் நிறுத்தி, கால் கப் தண்ணீர் மட்டும் ஊற்றி உள்ளே வைத்து, குறைந்த தீயில் 45 நிமிஷம். மேல்பக்கம் சிவக்காது, ஆனால் உள்ளே பதமாக வெந்திருக்கும். அந்த உப்பை ஆறவைத்து எடுத்து வைத்தால் அடுத்த முறைக்கும் ஆகும், சமையலுக்கு ஆகாது.

மைக்ரோவேவில் ஒரு பழம் நான்கைந்து நிமிஷத்தில் வெந்துவிடும். ஃபாயில் போடக் கூடாது, கண்ணாடி மூடி போடுங்கள். அவசரத்துக்கு ஓகே. ஆனால் சாறு பாகாக இறுகாது, தோலும் ரப்பராக இருக்கும். அதில் கன்வெக்ஷன், அதாவது சூடான காற்றைச் சுழற்றி வேகவைக்கும் வசதி இருந்தால் அதையே ஓவன் மாதிரி பயன்படுத்துங்கள்.

நடுவில் கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் உள்சூடு கொஞ்ச நேரம் தாங்கும். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, கத்தி முனையால் பதம் பாருங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நாட்டுச்சர்க்கரைக்குப் பதில் பேரீச்சை போடலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். பேரீச்சையும் சர்க்கரைதான், நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதான். இனிப்பு எதுவும் சேர்க்காமல், பட்டையும் முந்திரியும் மட்டும் அடைத்துச் செய்தாலே ஆப்பிளின் சொந்த இனிப்பு போதுமானதாக இருக்கும். அதிலும் பாதிப் பழம் போதும்.

கொடைக்கானல் பேரிக்காயிலும் இதே முறை செல்லுமா என்ற கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. செல்லும். மலைப் பேரி கடினமானது, அதனால் மூடியபடி 40 நிமிஷமாவது வேண்டும், தண்ணீரும் ஒரு கப்பாக ஊற்றுங்கள். பட்டையைக் குறைத்துச் சுக்கைக் கூட்டினால் அதற்கு எடுப்பாக இருக்கும்.

தீபாவளி மைசூர்பாகு மீந்திருந்தால் அதை உதிர்த்து, ஃபாயிலை எடுக்கும் கட்டத்தில் பழத்தின் தலையில் ஒரு ஸ்பூன் தூவுங்கள். மேலே மொறுமொறுவென்று ஒரு மூடி மாதிரி நிற்கும். அப்படிச் செய்கிற அன்றைக்கு அடைக்கிற சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

மீந்தால் மூடி ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் சாப்பிட்டுவிடலாம். திரும்பச் சூடு செய்ய இட்லிப் பானையில் ஐந்து நிமிஷம் ஆவி காட்டினால் போதும். தண்ணீர் சொட்டாமல் இருக்க மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துவிடுங்கள்.